தெற்கு ஜெயித்திருந்தால் எல்லையை யார் காப்பது?

1864 ஆகஸ்ட் 23. வாஷிங்டனில் அமைச்சரவை கூடியிருக்கிறது. ஆபிரகாம் லிங்கன் மடித்து ஓரத்தை ஒட்டிய ஒரு தாளை நீட்டி, பின்பக்கம் எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள் என்கிறார். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லவில்லை, அமைச்சர்களும் படிக்காமலேயே போட்டுக் கொடுத்தார்கள். அதில் இருந்தது இவ்வளவுதான்: இந்த அரசு மறுபடி ஜெயிக்காது என்றே தோன்றுகிறது, தோற்றால், புதிதாக ஜெயித்தவர் பதவி ஏற்பதற்குள் அவரோடு ஒத்துழைத்து நாட்டை உடையாமல் காப்பாற்ற வேண்டியது என் கடமை, ஏனென்றால் அவர் எதைச் சொல்லி ஜெயித்திருப்பாரோ அதனாலேயே பதவிக்கு வந்த பிறகு அவரால் காப்பாற்ற முடியாது.

அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா என்பார்கள். 'அது நடந்திருந்தால், இது நடக்காமல் இருந்திருந்தால்' என்று வரலாற்றை வைத்து விளையாடுகிறவர்களைக் கிண்டல் செய்ய இதைவிடப் பொருத்தமான பழமொழி கிடையாது. ஆனால் அமெரிக்க உள்நாட்டுப் போரில், அடிமைமுறையைக் காப்பாற்றிக்கொள்ளப் பிரிந்துபோன தெற்கு மாநிலங்கள் தப்பித்துத் தனி நாடாகிவிட்டால் என்ன ஆகும் என்று அந்தக் கோடையில் உட்கார்ந்து யோசித்தவர் நாட்டின் அதிபர், அதுவும் பொழுது போகாமல் யோசிக்கவில்லை. போர் நாலாவது வருஷத்தில் இருந்தது. வடக்கின் தளபதிகளில் கிரான்ட் பீட்டர்ஸ்பர்க்குக்கு வெளியே பதுங்குகுழிகளில் மாட்டிக்கொண்டிருந்தார், ஷெர்மன் அட்லாண்டாவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார், வடக்கில் ஜனங்களுக்கு அலுத்துவிட்டது. ஒரு வாரம் கழித்து ஜனநாயகக் கட்சி 'சண்டையை நிறுத்திப் பேசு' என்று தேர்தல் அறிக்கை போட்டு, லிங்கன் பதவியிலிருந்து தூக்கிய தளபதி மெக்கிளெல்லனையே வேட்பாளராக நிறுத்தியது. செப்டம்பர் 2-ல் அட்லாண்டா விழுந்தது. அதோடு காற்று மாறியது, நவம்பரில் லிங்கன் தேர்வாளர் வாக்குகளில் 212-க்கு 21 என்று அள்ளிக்கொண்டு போனார். அந்த ஒரு ஊர் இன்னும் இரண்டு மாதம் தாக்குப்பிடித்திருந்தால்?

இந்த விளையாட்டில் ஊறியவர்களுக்கு அட்லாண்டாவைவிடப் பிடித்த இடம் வேறு. 1862 செப்டம்பரில் தெற்கின் தளபதி லீ தன் படையைப் பல துண்டாகப் பிரித்து மேரிலாந்துக்குள் அனுப்பினார். எந்தத் துண்டு எங்கே போகிறது என்ற உத்தரவின் ஒரு பிரதி, மூன்று சுருட்டைச் சுற்றிய காகிதமாக, ஃபிரெடெரிக் நகருக்கு அருகே புல்லில் கிடந்தது. அதை எடுத்தவர் வடக்குப் படையின் ஒரு சாதாரணச் சிப்பாய். நாலே நாளில் ஆன்டீட்டம் சண்டை. செத்தவர், காயம்பட்டவர், காணாமல் போனவர் என்று ஒரே நாளில் 22,000 பேருக்கு மேல். லீ திரும்பிப் போனார், சண்டை முடிந்த ஐந்தாவது நாள் லிங்கன் அடிமைகள் விடுதலைப் பிரகடனத்தின் முதல் அறிவிப்பை வெளியிட்டார். அந்தச் சமயம் லண்டனில் பிரதமர் பாமர்ஸ்டனும் வெளியுறவு அமைச்சர் ரஸ்ஸலும், இரண்டு பக்கத்துக்கும் நடுவில் பஞ்சாயத்துக்குப் போகலாமா என்று கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள். நிதியமைச்சர் கிளாட்ஸ்டன் அக்டோபர் 7-ல் நியூகாசிலில், தெற்கின் தலைவர்கள் ஒரு நாட்டையே உருவாக்கிவிட்டார்கள் என்று மேடையிலேயே சொல்லிவிட்டார். கடைசியில் பிரிட்டிஷ் அமைச்சரவை பின்வாங்கியது. சுருட்டு கிடைக்காமல் போயிருந்தால், லீ ஜெயித்திருந்தால், பிரிட்டன் அங்கீகாரம் கொடுத்திருந்தால் என்று அடுக்கிக்கொண்டே போகலாம்.

இதெல்லாம் வாசலைப் பற்றிய பேச்சு. எந்த வாசல் வழியாகத் தெற்கு வெளியே போயிருக்கும் என்பதில் மணிக்கணக்காகச் சண்டை போடுகிறவர்கள், வெளியே போய் என்ன செய்திருக்கும் என்று கேட்டால் ஒரு வரைபடம் வரைந்து, சிவப்பும் நீலமும் அடித்து, 'அப்புறம் முதல் உலகப் போரில் இது அந்தப் பக்கம், அது இந்தப் பக்கம்' என்று ஒரே தாண்டாகத் தாண்டிவிடுகிறார்கள். நடுவில் ஒரு சின்ன விஷயம் விட்டுப்போகிறது. பிரிந்துபோன 11 மாநிலங்களின் ஜனத்தொகை சுமார் 90 லட்சம், அதில் 35 லட்சம் பேர் அடிமைகள். தென் கரோலினாவிலும் மிசிசிப்பியிலும் பாதிக்கு மேல் அவர்கள்தான். அந்த 35 லட்சம் பேர் என்ன செய்வார்கள்?

முதலில், எந்த வருஷம் ஜெயிக்கிறது என்பதே எல்லாவற்றையும் மாற்றிவிடும். 1862 என்றால் பழைய ஏற்பாடு கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. 1864 என்றால் நியூ ஆர்லியன்ஸ், நாஷ்வில், மெம்ஃபிஸ் எல்லாம் வடக்கின் கையில். மிசிசிப்பி ஆறு முழுக்க வடக்கின் கையில். போர் முடிவதற்குள் ஏறக்குறைய 5 லட்சம் அடிமைகள் பண்ணையை விட்டு வடக்குப் படையின் எல்லைக்குள் போய்ச் சேர்ந்தார்கள், கறுப்பர்கள் சுமார் 1,80,000 பேர் வடக்குப் படையின் நீலச் சட்டை போட்டுத் துப்பாக்கி தூக்கினார்கள். சமாதானம் பேச உட்கார்ந்தால் தெற்கு முதலில் கேட்பது இவர்களைத்தான்: எங்கள் சொத்தைத் திருப்பிக் கொடு. அதே ஆகஸ்டில், 19-ஆம் தேதி, வெள்ளை மாளிகைக்கு வந்த இருவரிடம் லிங்கன் சொன்னதன் சாரம், கறுப்பு வீரர்களைத் திரும்ப அடிமைத்தனத்துக்கு அனுப்பச் சொல்கிறார்கள், அப்படிச் செய்தால் இம்மையிலும் மறுமையிலும் எனக்குச் சாபம்தான் மிஞ்சும் என்பது.

அதே நாள் இன்னொருவரும் வந்தார். ஃபிரெடெரிக் டக்ளஸ், மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்து 1838-ல் தப்பி வந்தவர், லிங்கனைக் கூச்சமில்லாமல் திட்டி எழுதிக்கொண்டிருந்தவர். அவரிடம் லிங்கன் கேட்டது ஒரு விசித்திரமான உதவி. நான் தோற்றுவிட்டால் விடுதலைப் பிரகடனம் காகிதமாகிவிடும், அதற்குள் தெற்கின் உள்ளே இருக்கிற அடிமைகளில் எத்தனை பேரை நம் எல்லைக்குள் கொண்டுவர முடியுமோ அத்தனை பேரைக் கொண்டுவர ஒரு வழி சொல்லுங்கள். பத்து நாளில் டக்ளஸ் திட்டம் எழுதிக் கொடுத்தார்: கறுப்பர்களையே உளவாளிகளாகச் சிறு சிறு குழுக்களாக உள்ளே அனுப்பிச் சேதி சொல்லி அழைத்து வருவது. அட்லாண்டா விழுந்ததால் அது தேவைப்படாமல் போயிற்று. மாற்று வரலாறு எழுதுகிறவர்கள் இந்தத் தாளை ஏன் கையில் எடுப்பதில்லை என்று எனக்குப் புரிந்ததே இல்லை. தோற்கப்போகிறோம் என்று நினைத்த அதிபர் படையைப் பற்றியோ எல்லைக்கோட்டைப் பற்றியோ யோசிக்கவில்லை, ஆட்களை எப்படி வெளியே இழுப்பது என்றுதான் யோசித்தார்.

சரி, 'எப்படியும் கொஞ்ச நாளில் தெற்கே அடிமைமுறையை விட்டிருக்கும், எந்திரம் வந்துவிட்டால் அடிமை எதற்கு' என்று ஒரு வாதம் உண்டு. போருக்குப் பிறகு தெற்கின் பெரிய மனிதர்கள், நாங்கள் மாநில உரிமைக்காகத்தான் சண்டை போட்டோம் என்று கதையை மாற்றியபோது கூடவே ஒட்டிக்கொண்டு வந்த வாதம் இது. அவர்கள் 1861 மார்ச் 11-ல் ஏற்றுக்கொண்ட அரசியல் சட்டத்தைப் புரட்டினால் போதும். பெரும்பாலும் பழைய அமெரிக்கச் சட்டத்தைப் பார்த்து எழுதியதுதான், ஆனால் பழைய சட்டம் 'அடிமை' என்ற சொல்லைச் சொல்லாமல் சுற்றி வளைத்த இடத்திலெல்லாம் இவர்கள் நேராகவே எழுதினார்கள். நீக்ரோ அடிமைகள் மீதான சொத்துரிமையை மறுக்கிற, குறைக்கிற எந்தச் சட்டமும் இயற்றக் கூடாது. புதிதாகப் பிடிக்கும் நிலத்திலும் அடிமைமுறை செல்லும். பத்து நாள் கழித்துத் தெற்கின் துணை அதிபர் அலெக்சாண்டர் ஸ்டீஃபன்ஸ் சவன்னாவில் பேசும்போது, கறுப்பன் வெள்ளையனுக்குச் சமமில்லை என்பதுதான் எங்கள் அரசின் மூலைக்கல் என்றார். மாநில உரிமை என்றால், ஒரு மாநிலம் நினைத்தால் இன்னொரு மாநிலத்து ஆண்டை தன் அடிமையோடு வந்து தங்குவதைத் தடுக்கலாமா? அதுவும் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது.

பணக்கணக்கும் இதே பக்கம்தான். 1860-ல் தெற்கின் அடிமைகளுக்குச் சந்தை போட்ட மொத்த விலை 300 கோடி டாலருக்கு மேல், நாட்டின் ரயில்வேயையும் தொழிற்சாலைகளையும் கூட்டினாலும் அந்தத் தொகை வராது. விலை ஏறிக்கொண்டிருந்ததே தவிர இறங்கவில்லை. எந்திரம் வந்தால் போய்விடும் என்பதும் நிற்காது, ரிச்மண்டில் டிரெடிகார் இரும்பாலையே அடிமைகளை வைத்து ஓடியது. பருத்தி பறிக்கும் எந்திரம் வயலில் பரவலானது 1940-களுக்குப் பிறகு. அதுவரை காத்திருக்கச் சொன்னால் மூன்று தலைமுறை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அடிமைமுறையைக் காப்பாற்றிக்கொள்ளத் தாய்நாட்டிலிருந்து பிரிந்து, போரில் ஜெயித்துத் தனி நாடானால் என்ன ஆகும் என்பதற்குக் கற்பனை தேவையில்லை. அதே மண்ணில், கால் நூற்றாண்டுக்கு முன்னால், அது நடந்தே விட்டது. டெக்சாஸ்.

டெக்சாஸ் அப்போது மெக்சிகோவின் ஒரு பகுதி. அமெரிக்கத் தெற்கிலிருந்து நிலம் தேடி வந்து குடியேறியவர்கள் அடிமைகளையும் கூட்டி வந்தார்கள். மெக்சிகோவுக்கு அது பிடிக்கவில்லை. 1829-ல் அதிபர் விசென்ட்டே கெரேரோ அடிமைமுறையை ஒழித்து ஆணை போட்டார். டெக்சாஸுக்கு மட்டும் விலக்கு வாங்கினார்கள், அதற்கு முன்பே ஒரு குறுக்குவழியும் கண்டுபிடித்திருந்தார்கள்: எல்லையைத் தாண்டுவதற்கு முன் அடிமையிடம் 99 வருஷத்துக்கு வேலை ஒப்பந்தம் எழுதி வாங்கிவிடுவது. சட்டப்படி அவன் கூலியாள். (மொரீஷியஸுக்கும் ஃபிஜிக்கும் ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றப்பட்ட தமிழர்களின் கதை தெரிந்தவர்களுக்கு, ஒப்பந்தம் என்ற சொல் எதையெல்லாம் மூடி மறைக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை, அது வருஷக் கணக்கில் முடிந்தது, இது ஆயுளைத் தாண்டியது.) கலகத்துக்கு வேறு காரணங்களும் இருந்தன. மெக்சிகோ அதிபர் சாந்தா அன்னா மாநிலங்களின் அதிகாரத்தைப் பிடுங்கினார், மெக்சிகோவிலேயே மற்ற பகுதிகளும் கிளர்ந்தன. ஆனால் 1836 ஏப்ரல் 21-ல் சான் ஹசின்டோவில் ஜெயித்த குடியரசு, அந்த மார்ச்சிலேயே எழுதி வைத்திருந்த அரசியல் சட்டத்தைப் பார்த்தால் எது உயிர்நாடி என்று தெரிந்துவிடும்.

அடிமைகளை விடுவிக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்குக் கிடையாது. ஆண்டையே மனமிரங்கித் தன் அடிமையை விடுவிக்க நினைத்தாலும், நாட்டைவிட்டு வெளியே அனுப்பினால் ஒழிய, நாடாளுமன்றத்தின் சம்மதம் வேண்டும். விடுதலை பெற்ற கறுப்பர் யாரும் அனுமதியில்லாமல் அங்கே நிரந்தரமாகக் குடியிருக்கக் கூடாது. அமெரிக்காவிலிருந்து தவிர வேறெங்கிருந்தும் அடிமைகளை இறக்கக் கூடாது, மீறினால் கடற்கொள்ளைக் குற்றம். கடைசி விதியைப் படித்துவிட்டு 'பார், ஆப்பிரிக்க அடிமை வியாபாரத்தைத் தடை செய்தார்களே' என்று சிலர் மகிழ்ந்துபோவார்கள். 25 வருஷம் கழித்துத் தெற்குக் கூட்டமைப்பும் ஏறக்குறைய அதே விதியை வைத்தது. இதில் கருணை ஒன்றும் கிடையாது. வர்ஜீனியா போன்ற பழைய மாநிலங்களில் அடிமைகளை வளர்த்துத் தெற்கே விற்பதே ஒரு பெரிய வியாபாரம், வெளிச்சரக்கு வந்தால் விலை இறங்கும்.

கிரீன்பரி லோகன் என்று ஒருவர். கறுப்பர், கொல்லர், அடிமையில்லாத மனிதர். டெக்சாஸ் விடுதலைக்காக 1835-ல் பேஹார் முற்றுகையில் சண்டை போட்டுக் காயம்பட்டவர். நாடு விடுதலையானதும், அதே நாட்டில் குடியிருக்க அனுமதி கேட்டு அவர் மனுப் போட வேண்டி வந்தது. 1840-ல் இன்னொரு சட்டம் வந்தது: 1842 ஜனவரி 1-க்குள் விடுதலைபெற்ற கறுப்பர்கள் எல்லாரும் வெளியேற வேண்டும், இல்லாவிட்டால் அடிமையாக விற்கப்படுவார்கள். அதிபர் சாம் ஹூஸ்டன் கெடுவைத் தள்ளிப்போட்டதால் தலை தப்பியது.

அடிமைமுறை தானாகத் தேய்ந்ததா? 1836-ல் டெக்சாஸில் அடிமைகள் சுமார் 5,000 பேர். 1845-ல் சுமார் 30,000. 1860 கணக்கெடுப்பில் 1,82,566. ஆனால் நாடு என்ற வகையில் அது ஒன்பது வருஷம்தான் ஓடியது. மெக்சிகோ அதை அங்கீகரிக்கவே இல்லை, 1842-ல் மட்டும் இரண்டு முறை சான் அன்டோனியோவைப் பிடித்துவிட்டுப் போனது. 'சிவப்பு முதுகு' என்று ஜனங்கள் பெயர் வைத்த குடியரசின் நோட்டு, அச்சடித்த மூன்று வருஷத்தில் டாலருக்கு இரண்டு சென்ட் அளவுக்கு விழுந்தது. கடன் கழுத்தை நெரித்தது. 1845 டிசம்பரில் அமெரிக்காவோடு ஒட்டிக்கொண்டது, கடனைத் தீர்க்க 1850-ல் அமெரிக்கா 1 கோடி டாலர் கொடுக்க வேண்டியிருந்தது. அமெரிக்கா அதைச் சேர்த்துக்கொள்ளத் துடித்ததற்கு ஒரு காரணம், பிரிட்டன் டெக்சாஸுக்குப் பண உதவி செய்து அடிமைகளை விடுவிக்க வைத்துவிடுமோ என்று கால்ஹூன் போன்ற தெற்கத்தியர்களுக்கு இருந்த பயம். பக்கத்தில் விடுதலை நிலம் என்று ஒன்று இருந்தாலே ஆபத்து என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஏனென்றால் டெக்சாஸுக்குத் தெற்கே அது ஏற்கெனவே இருந்தது. ரியோ கிராண்டே ஆற்றைத் தாண்டிவிட்டால் விடுதலை. மெக்சிகோவின் 1857 அரசியல் சட்டம், எங்கள் மண்ணை மிதித்த அடிமை அந்தக் கணமே சுதந்திர மனிதன் என்று வெளிப்படையாக எழுதிவைத்தது. ஆளைத் திருப்பித் தர ஒப்பந்தம் போடச் சொல்லி எத்தனையோ முறை கேட்டும் மெக்சிகோ சம்மதிக்கவில்லை. 1855 அக்டோபரில் காலஹன் என்பவர் தலைமையில் டெக்சாஸ் ரேஞ்சர் படை ஆற்றைத் தாண்டிப் போனது. அபாச்சே பழங்குடியினரைத் துரத்துகிறோம் என்பது வெளியில் சொன்ன காரணம், ஓடிப்போன அடிமைகளைப் பிடித்துவரும் நோக்கமும் உண்டு என்ற பேச்சு அப்போதே இருந்தது. அடி வாங்கித் திரும்பும்போது பியெத்ராஸ் நெக்ராஸ் ஊரைக் கொளுத்திவிட்டு வந்தார்கள். இது நடந்தபோது டெக்சாஸுக்குப் பின்னால் அமெரிக்கா முழுதும் நின்றது, எல்லைக்கு இரண்டு பக்கமும் பெரும்பாலும் பொட்டல் காடு.

இதை 1860-களின் தெற்குக்குப் பொருத்திப் பாருங்கள். அங்கே எல்லை பொட்டல் காடு கிடையாது. பொட்டோமாக் ஆற்றுக்கு இந்தக் கரை வர்ஜீனியா, அந்தக் கரை வாஷிங்டன். 1860-ல் எந்த மாநிலத்தையும்விட அதிக அடிமைகள் இருந்தது வர்ஜீனியாவில்தான், சுமார் 4,90,000 பேர். வாஷிங்டனில் 1862 ஏப்ரலிலேயே அடிமைமுறை போய்விட்டது, மேரிலாந்தில் 1864 நவம்பரில், மிசௌரியில் 1865 ஜனவரியில். தனி நாடு என்று ஒரு கோடு போட்டுவிட்டால், அந்தக் கோட்டுக்கு அப்பால் ஓடிப்போனவனைத் திருப்பிக் கொடு என்று எந்தச் சட்டத்தைக் காட்டிக் கேட்பது?

இந்தக் கேள்வி போர் தொடங்கி ஆறே வாரத்தில் வந்தது. ஃபிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மாலரி, ஜேம்ஸ் டவுன்சென்ட் என்று மூன்று பேர். தெற்குப் படைக்குப் பீரங்கி மேடை கட்டும் வேலைக்கு அவர்களை ஆண்டை அனுப்பியிருந்தார். 1861 மே 23 இரவு, பிரிவினை சரிதான் என்று வர்ஜீனியா வாக்காளர்கள் வாக்களித்து முடித்த அதே நாள், மூவரும் ஒரு படகில் ஏறித் துடுப்புப் போட்டு, இன்னும் வடக்கின் கையில் இருந்த மன்ரோ கோட்டைக்குப் போய்விட்டார்கள். மறுநாள் வெள்ளைக்கொடியோடு ஒரு மேஜர் வந்தார்: தப்பியோடிய அடிமைகள் சட்டப்படி அவர்களைத் திருப்பிக் கொடுங்கள். கோட்டைத் தளபதி பெஞ்சமின் பட்லர் அடிப்படையில் வக்கீல், அதுவும் குறுக்குசால் ஓட்டுகிற வக்கீல். அந்தச் சட்டம் அமெரிக்காவுக்கு உள்ளேதான் செல்லும், நீங்கள்தான் வேறு நாடு என்று சொல்லிவிட்டீர்களே என்றார். எதிரி போருக்குப் பயன்படுத்துகிற சொத்து என்று சொல்லி மூவரையும் கோட்டையிலேயே வைத்துக்கொண்டார். விஷயம் பரவி, கொஞ்ச நாளில் நூற்றுக்கணக்கில் வந்துவிட்டார்கள், குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு கிழவிகள் உட்பட. அந்தக் கோட்டை நிற்கிற முனையில்தான் 1619-ல் வர்ஜீனியாவுக்கு முதல் ஆப்பிரிக்கர்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள்.

தெற்கு பிரிந்ததற்கே பெரிய புகார் என்ன? தென் கரோலினா 1860 டிசம்பரில் வெளியிட்ட காரண அறிக்கையைப் படித்தால், வட மாநிலங்கள் ஓடிவந்த அடிமைகளைத் திருப்பித் தருவதில்லை என்பது முன்வரிசையில் நிற்கிறது. ஒழுங்காக அமலாகவில்லை என்று குறை சொன்ன சட்டத்தை, பிரிந்துபோய் முழுசாகவே இழந்தார்கள். அடிமைமுறைக்குக் கிடைத்த மிகப்பெரிய பாதுகாப்பு அமெரிக்க ஒன்றியம்தான் என்பதும், அதிலிருந்து வெளியே வந்தால் வேலியில்லாத தோட்டம் என்பதும் பட்லரின் வாய்ச்சாமர்த்தியத்தில் அம்பலமானது.

ஆகவே ஜெயித்த தெற்கின் முதல் பத்து வருஷத்தை நான் இப்படித்தான் பார்க்கிறேன். எல்லை நெடுகக் காவல். காவலுக்கு ஆள் வேண்டும், போர் நடக்கும்போதே அந்த ஆள் கிடைக்கவில்லை. 1862 அக்டோபரில், 20 அடிமைகளாவது உள்ள பண்ணைக்கு ஒரு வெள்ளையனுக்குப் படைச் சேவையிலிருந்து விலக்கு என்று சட்டம் போட்டார்கள், அடிமைகளை மேய்க்கக் கங்காணி வேண்டுமே. அடிமையே இல்லாத ஏழை வெள்ளைக்காரன் சண்டைக்குப் போய்ச் சாக, பண்ணையார் மகன் வீட்டில் இருந்தான். பணக்காரன் போர், ஏழையின் சண்டை என்ற பேச்சு அப்போது வந்ததுதான். 1863 ஏப்ரலில் தலைநகர் ரிச்மண்டிலேயே பெண்கள் ரொட்டிக்காகக் கடைகளை உடைத்தார்கள். சமாதானம் வந்த பிறகும் இதே ஆட்களைத்தான் ஆற்றங்கரையில் காவலுக்கு நிறுத்த வேண்டும், யாருடைய சொத்துக்காக என்று அவர்கள் கேட்காமலா இருப்பார்கள்?

எல்லையோரப் பண்ணையார்கள் என்ன செய்வார்கள் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. ஓடிப்போவதற்குள் விற்றுவிடுவார்கள். வர்ஜீனியாவிலிருந்தும் டென்னஸியிலிருந்தும் ஆட்கள் கூட்டம் கூட்டமாக அலபாமாவுக்கும் டெக்சாஸுக்கும் விற்கப்படுவார்கள், குடும்பங்கள் பிய்த்தெறியப்படும். போரின்போதே வடக்குப் படை நெருங்க நெருங்கப் பண்ணையார்கள் அடிமைகளை டெக்சாஸுக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள், 1865 ஜூனில் கால்வெஸ்டனில் விடுதலை ஆணை வாசிக்கப்பட்டபோது அங்கே சுமார் இரண்டரை லட்சம் பேர் இருந்தார்கள். இப்படி அடிமைகள் குறைந்துபோன வர்ஜீனியாவுக்கு, அடிமைமுறைக்காகவே இருக்கிற ஒரு நாட்டோடு எத்தனை நாள் ஒட்டும்? அதன் மேற்குப் பகுதி 1863-லேயே பிய்த்துக்கொண்டு தனி மாநிலமாக வடக்கோடு போய்விட்டது. பிரியும் உரிமைதான் இந்த நாட்டின் பிறப்புச் சான்றிதழ், இன்னொரு மாநிலம் பிரிகிறேன் என்றால் கூடாது என்று எந்த முகத்தோடு சொல்வது? சட்டத்தில் உச்ச நீதிமன்றம் என்று எழுதி வைத்தார்கள், கடைசிவரை அதை அமைக்கவே இல்லை. போரிலேயே ஜார்ஜியா ஆளுநர் ஜோசஃப் பிரவுன், கட்டாயப் படைச் சேர்ப்புச் செல்லாது என்று தெற்கின் அதிபர் ஜெஃபர்சன் டேவிஸோடு மல்லுக்கு நின்றார்.

பருத்தி காப்பாற்றியிருக்குமா? 'பருத்தியே ராஜா' என்று தென் கரோலினாவின் ஹேமண்ட் 1858-ல் செனட்டில் முழங்கினார், பருத்தி இல்லாவிட்டால் இங்கிலாந்து தலைகுப்புற விழும் என்றார். இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளில் பட்டினி வந்தது உண்மை. ஆனால் பருத்தி வேறு வழியில் வந்து சேர்ந்தது. பம்பாயில் பருத்திப் பணம் கொட்டி, பங்குச்சந்தை பைத்தியம் பிடித்து, போர் முடிந்த 1865-ல் கவிழ்ந்தது. நம் கரிசல் பருத்திக்கும் அப்போது நல்ல விலை, தூத்துக்குடியிலிருந்து கப்பலேறி லிவர்பூல் சந்தையில் 'திருநெல்வேலி' என்ற பெயரிலேயே விற்ற சரக்கு அது. எகிப்து பருத்திப் பணத்தை நம்பிக் கடன் வாங்கி 1876-ல் திவாலானது. ஒரே விளைபொருளை நம்பிய நாட்டின் கதி அதுதான். 1890-களில் பருத்தி விலை பவுண்டுக்கு 5, 6 சென்ட் வரை இறங்கியது, 1892-ல் காய்த்துளைப்பான் வண்டு மெக்சிகோவிலிருந்து டெக்சாஸுக்குள் நுழைந்தது. ஓடிப்போகவும் கூடிய மனிதர்களை அடமானம் வைத்துக் கடன் வாங்கிய நாடு அந்த வருஷங்களில் வங்கிக்காரனிடம் என்ன சொல்லியிருக்கும்?

டெக்சாஸுக்காவது ஒட்டிக்கொள்ள ஒரு பெரிய நாடு இருந்தது. தெற்குக்கு யார்? பிரிட்டன் 1833-லேயே தன் காலனிகளில் அடிமைமுறையை ஒழிக்கச் சட்டம் போட்ட நாடு. கழுத்துக்கு வெள்ளம் வந்த 1865 தொடக்கத்தில், அங்கீகாரம் கொடுத்தால் அடிமைகளை விடுவிக்கிறோம் என்று சொல்ல டங்கன் கென்னரை ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள், பாமர்ஸ்டன் மறுத்துவிட்டார். அதற்கு ஒரு வருஷம் முன்னால் தளபதி கிளிபர்ன், அடிமைகளுக்கு விடுதலை கொடுத்துப் படையில் சேர்க்கலாம் என்று எழுதிக் கொடுத்தபோது டேவிஸ் அந்தத் தாளையே அமுக்கிவிட்டார். 1865 மார்ச்சில் வேறு வழியில்லாமல் கறுப்புப் படைக்குச் சட்டம் போட்டபோதுகூட, அதில் விடுதலை என்று எழுதவில்லை. சாகும் தறுவாயில் இவ்வளவுதான் இறங்கிவந்தார்கள் என்றால், ஜெயித்தவர்கள் எதற்கு இறங்க வேண்டும்?

எனக்கு உண்மையில் கவலையாகத் தோன்றுவது வெளியே நடந்திருக்கக் கூடியது. 1865-க்குப் பிறகு அமெரிக்கக் கண்டங்களில் அடிமைமுறை மிச்சமிருந்த பெரிய இடங்கள் கியூபாவும் பிரேசிலும்தான். தனித்துப்போனோம் என்ற நெருக்கடி இரண்டு இடத்திலும் வேலை செய்தது. ஸ்பெயின் 1870-ல் கியூபாவுக்குப் படிப்படியான விடுதலைச் சட்டம் கொண்டுவந்தது, பிரேசில் 1871-ல் இனிப் பிறக்கும் குழந்தைகள் அடிமையில்லை என்றது. முழு விடுதலை கியூபாவில் 1886, பிரேசிலில் 1888. நடுவில் ஒரு வெற்றிபெற்ற அடிமை நாடு உட்கார்ந்திருந்தால் இந்தத் தேதிகள் எவ்வளவு தள்ளிப்போயிருக்கும்? தோற்றபிறகே தெற்கத்தியர்கள் ஆயிரக்கணக்கில் பிரேசிலுக்குக் குடிபெயர்ந்தார்கள். சாவோ பாவுலோ மாநிலத்தில் 'அமெரிக்கானா' என்றே ஒரு ஊர் இருக்கிறது. ஆனாலும் பிரேசிலிலும் கடைசித் தள்ளு தள்ளியதில் பெரும் பங்கு பண்ணையை விட்டுக் கூட்டமாக நடந்துபோனவர்களுக்கு உண்டு. அங்கே செயாரா மாகாணத்தில் 1881-லேயே கட்டுமரக்காரர்கள், அடிமைகளைக் கப்பலுக்கு ஏற்றிச்செல்ல மாட்டோம் என்று துடுப்பைக் கீழே வைத்துவிட்டார்கள்.

மறுபடி டெக்சாஸுக்குப் போய் முடித்துக்கொள்கிறேன். அலமோ கோட்டை 1836 மார்ச் 6-ல் மெக்சிகோ படையிடம் விழுந்தபோது உள்ளே இருந்த டெக்சாஸ் போராளிகள் அனைவரும் கொல்லப்பட்டார்கள், தளபதி டிராவிஸும் செத்தார். அவருடைய அடிமை ஜோ பிழைத்துக்கொண்டார், அப்போது அவருக்கு இருபது வயது சொச்சம். டெக்சாஸ் அமைச்சரவைக்கு முன்னால் நின்று, கோட்டை எப்படி விழுந்தது, டிராவிஸ் எப்படிச் செத்தார் என்று நேரில் பார்த்ததைச் சொன்னவர் அவர். இன்றுவரை அந்த நாட்டின் வீரக்கதையாகச் சொல்லப்படுவதில் பெரும்பகுதி அவர் வாயிலிருந்து வந்தது. சொல்லி முடித்ததும் அவரை டிராவிஸின் சொத்துக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். 1837 ஏப்ரல் 21, சான் ஹசின்டோ வெற்றிக்குச் சரியாக ஒரு வருஷம். அன்றைக்கு ஜோ ஒரு மெக்சிகோக்காரரோடு, சேணம் பூட்டிய இரண்டு குதிரைகளையும் ஓட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். பிடித்துக் கொடுத்தால் 50 டாலர் என்று மே 26-ல் பத்திரிகையில் விளம்பரம் வந்தது. மூன்று மாதம் தொடர்ந்து போட்டுப் பார்த்துவிட்டு ஆகஸ்ட் கடைசியில் நிறுத்திவிட்டார்கள்.